மாப்பிள்ளை கையில் மில் கணக்கு

சென்ற வாரம் ஒரு போன் அழைப்போடு இசைவாணியை மில் வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், அதன் பிறகு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

திருச்சியில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குச் சரக்கு எடுக்கும் செந்தில்குமார் பேசியிருந்தார். "உங்க ஜிஎஸ்டி நம்பரைப் போட்டுப் பாத்தேங்க. நிறுத்தி வச்சிருக்குன்னு வருது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா ஆயுத பூஜை அவல் மொத்தமும் உங்ககிட்டதான். இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி ஆறியிருக்கலாம். நல்ல விதமாகச் சொல்லிவிட்டு வைத்ததுதான் இரவெல்லாம் உறுத்தியது.

இன்றைக்கு வியாழக்கிழமை.

கீழ்வேளூர் கண்ணாத்தாள் அவல் மில்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்ப் பலகையில் இருக்கும் கண்ணாத்தாள், இசைவாணியின் அம்மா. மகளிர் குழுக் கடனில் வாங்கிய மிஷின் என்பதால் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாமே அவள் பெயரில். மிஷினை ஓட்டுவது அப்பா இராஜாங்கம். அடுத்தவர் வயலில் நாற்று சுமந்து பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது நெல்லை ஊறப்போட்டு, வறுத்து, தட்டி, அவலாக்கி, சொந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் அனுப்புகிறார். வாங்குகிற ஆளைப் பிடிப்பது, பேரம் பேசுவது, பில் போடுவது இசைவாணியின் பொறுப்பு. "நான் பாத்துக்குறேன்" என்று அவள் சொன்னால் வீட்டில் மற்றவர்கள் தூங்கப் போகலாம்.

அவள் பார்க்காத வேலை ஒன்றே ஒன்று இருந்தது. வரிக் கணக்கு.

பெயர் போட்ட பாக்கெட்டில் விற்றால் வரி உண்டு, தவணை தவறாமல் ரிட்டர்ன் போட வேண்டும் என்று தெரிந்தபோது, அதற்கு யாரை வைப்பது என்று பேச்சு எழுந்தது. கண்ணாத்தாள் எழுந்த வேகத்திலேயே அதை உட்கார வைத்துவிட்டாள். "தஞ்சாவூர்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்குற மாப்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கயில வெளியாளுக்கு எதுக்குக் காசு அழணும்?"

மாப்பிள்ளை அன்பரசன், மூத்த மகள் மதிவதனியின் கணவர். மருத்துவக் கல்லூரி சாலையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் போடும் கடை. மனிதர் தங்கமானவர். மாமியாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று மில்லின் பதிவில் தன் போன் நம்பரையே கொடுத்தார். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. அறுவடைக்கு அறுவடை புது அரிசி மூட்டை, தீபாவளிக்கு வேட்டி சட்டை.

இதில்தான் வினை. சம்பளம் வாங்குகிறவரிடம் வேலை முடிந்ததா என்று கேட்கலாம். மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? "சாப்பிட்டீங்களா", "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி நம் பக்கத்து மாமியார்கள் எவரும் போனதில்லை. கண்ணாத்தாளும் போனதில்லை.

காலையில் இசைவாணி பின் கட்டுக்கு வந்தபோது, அம்மா ஒரு தூக்குவாளியில் இறால் தொக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"மாப்புள்ளைக்கு. தஞ்சாவூருக்குன்னு கெளம்புறோம், வெறுங்கையோடயா போவ முடியும்?"

"அம்மா, நாம விருந்துக்குப் போவல. வேற ஆள் பாக்கப் போறோம். பதிவு பெத்த ஆளு. காசு குடுத்து, கேள்வி கேட்டு வேலை வாங்குற ஆளு."

கண்ணாத்தாள் தூக்கை இறுக்கி மூடினாள். "அதத்தான் நானும் சொல்றேன். மாப்புள்ளய வச்சுக்கிட்டே வெளியாளு பின்னாடி போனா, மதி அந்த வூட்ல எப்புடி நிமுந்து ஒக்காருவா? நாளைக்கு அவங்க அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா?"

"நம்பர் நிக்கிது. ஆர்டர் போவப் போவுது. அத யாரு சொல்றது?"

"ஏதோ மறந்துருப்பாரு."

"மறந்தா ஒரு மாசம் மறக்கலாம். நம்பரையே நிறுத்துற அளவுக்கு யாராச்சும் மறப்பாங்களா?"

அப்பா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். "கண்ணாத்தா, பேரு ஒன்னோடது. கையெழுத்தும் ஒன்னோடது. போய்ட்டு வா" என்றார். மறுபடி மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. இராஜாங்கம் பேசுவதே குறைவு. பேசினால் மேல்முறையீடு கிடையாது.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம், தூக்குவாளி மடியில். திருவாரூர் தாண்டியதும் குறுவை நெல்லைச் சாலையிலேயே கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். பஸ் அதைச் சுற்றி மெதுவாகப் போனது. மற்ற நாளாக இருந்தால் கண்ணாத்தாள் நெல்லைப் பார்த்தே ரகம் சொல்லியிருப்பாள். இன்று நீடாமங்கலம் வரை வாயைத் திறக்கவில்லை.

சாக்கு கொடுக்கும் துரைராசு சொல்லிவிட்ட பெரிய அலுவலகத்துக்கு முதலில் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வரிசையாக நாற்காலிகள். ஆடிட்டரைப் பார்க்க முடியவில்லை. அவருடைய உதவியாளர், இளைஞர், பத்து விரலும் கீபோர்டில் இருக்கத் தலை நிமிராமல் பேசினார்.

"ஆதார், பான் ரெண்டும் குடுத்துட்டுப் போங்க மேடம். போன் நம்பர், மெயில் எல்லாம் எங்களோடதே போட்டுக்குவோம். உங்களுக்கு ஒரு தொல்லையும் இருக்காது."

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தத் தொல்லை இல்லாமப் போனதுதாங்க எங்களுக்கு இப்ப தொல்லை. மில்லுக்கு வர்ற தகவல் மில்லுக்குத்தானே வரணும்?"

"எல்லாரும் இப்படித்தான் மேடம் குடுக்குறாங்க."

"நாங்களும் ஒருக்கா அப்படிக் குடுத்துட்டோம். போதும்."

வெளியே வந்ததும் கண்ணாத்தாள் சேலையை உதறிக்கொண்டாள். "ஏசில கொஞ்ச நேரம் ஒக்காந்துருக்கலாம். அதுக்குள்ள கெளப்பிட்டே."

அடுத்தது இசைவாணி தானே தேடிப் பிடித்த இடம். வரி ரிட்டர்ன் போட்டுத் தரப் பதிவு பெற்றவர்கள் யார் யார் என்று அரசாங்கத் தளத்திலேயே பார்க்கலாம். இரவு தூக்கம் வராமல் புரண்ட நேரத்தில் அதில் தஞ்சாவூர்க்காரர்களைப் பார்த்து, விடிந்ததும் மூன்று பேருக்குப் போன் செய்தாள். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் பேசத் தொடங்குமுன்னே கட்டணத்தைச் சொன்னார். மூன்றாவதாக எடுத்த பெண் குரல், "என்ன விக்கறேள், யாருக்கு விக்கறேள், பில் யார் போடறா?" என்று எதிர்க்கேள்வி கேட்டது. இசைவாணிக்கு அந்தக் குரல் பிடித்துப்போனது.

தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறைதான் அலுவலகம். போனில் பேசிய பாகீரதிக்கு ஐம்பது கடந்திருக்கும். மூக்குக் கண்ணாடி, பருத்திப் புடவை, மேஜையில் காப்பி டம்ளர்.

"வாங்கோ. இசைவாணிதானே? உக்காருங்கோ."

இசைவாணி உட்கார்ந்தாள். கண்ணாத்தாள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே ஓரமாக நின்றாள். அம்மாவின் கால் ஏன் நகரவில்லை என்பது மகளுக்குத் தெரியும். அம்மா சிறுமியாக இருந்தபோது இப்படிப்பட்ட வீடுகளுக்குள் முன்வாசல் வழியாக வந்ததே கிடையாது. கொல்லைப்புறமாகப் போய், சொன்ன வேலையை முடித்துவிட்டு, அப்படியே திரும்புவாள். இசைவாணிக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

பாகீரதி எழுந்து வந்து, தன் மேஜைக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதலாளி நீங்கதானே? நீங்க நின்னுண்டிருந்தா நான் யார்கிட்ட பேசறது?"

கண்ணாத்தாள் வந்து உட்கார்ந்தாள். தூக்குவாளியை மேஜை மேலேயே வைத்தாள். அம்மா ஓர் அலுவலக மேஜைக்கு எதிரே அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து இசைவாணி பார்த்ததில்லை.

"மேடம், வேலைய குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேக்கணும்" என்றாள் இசைவாணி.

"கேளுங்கோ. அதுக்குத்தானே வந்திருக்கேள்."

"உங்க பதிவு நம்பர் சொல்லுவீங்களா?"

பாகீரதி சொன்னார். இசைவாணி போனில் தட்டிப் பார்த்தாள். பெயரும் ஊரும் சரியாக வந்தன.

"போன் நம்பர் யாரோடது போடுவீங்க?"

"உங்க அம்மாவோடது. வேற யாரோடதும் போட மாட்டேன். உங்க கணக்குக்குள்ள நீங்களே போய், என்னை உங்க ஆளா சேத்துக்கணும். பிடிக்கலைன்னா அதே மாதிரி நீங்களே எடுத்தும் விட்டுடலாம். என்கிட்ட கேக்க வேண்டியதில்லை."

"தேதி தவறுச்சுன்னா?"

"நீங்க பில்லை நேரத்துக்கு அனுப்பி நான் தவறவிட்டா, அபராதம் என்னுது. நீங்க லேட்டா அனுப்பினா உங்களுது. எழுதியே குடுத்துடறேன். போட்டு முடிச்ச ரசீது அன்னிக்கே உங்க போனுக்கு வந்துடும். வரலைன்னா ராத்திரியானாலும் என்னைக் கூப்பிட்டுத் திட்டலாம்."

கண்ணாத்தாள் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "உங்கள திட்டலாமா?"

"சம்பளம் குடுக்கறேளே, திட்டப்படாதா?"

கண்ணாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், இந்த இடம் முடிவாகிவிட்டது என்று இசைவாணிக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சிரிக்காத இடத்தில் இதுவரை எந்தப் பேரமும் படிந்ததில்லை.

ஆனால் பாகீரதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இப்போ சிக்கலைக் கேளுங்கோ. விட்டுப்போன ரிட்டர்ன் எல்லாத்தையும் அபராதத்தோட போட்டாத்தான் நம்பர் உயிர் பெறும். போட்டுடலாம். ஆனா உள்ள போறதுக்கு பாஸ்வேர்ட் வேணும். அப்புறம் பழைய நம்பரை எடுத்துட்டு அம்மா நம்பரைப் போடணும்னா, பழைய போனுக்கு ஒரு ஓடிபி வரும், அது வேணும். ரெண்டும் கிடைச்சா இன்னிக்கே முடிச்சுடுவேன். கிடைக்கலைன்னா அதிகாரிகிட்ட மனு குடுத்துத்தான் மாத்தணும். அதுக்கு நாள் பிடிக்கும்."

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஆவாதா?"

"ஆகாது."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொக்கோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் தீராது.

கடைக்கு மேல் மாடியில்தான் மதிவதனியின் வீடு. அன்பரசன் சாப்பிட மேலே வந்திருந்தார். "வாங்க அத்தை, வா இசை" என்று வாய் நிறைய வரவேற்றார். மதிவதனி இலை போட்டாள். மூத்தவளுக்குக் கன்னம் ஒட்டியிருப்பது போல இசைவாணிக்குத் தோன்றியது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றாள்.

கண்ணாத்தாள் மாப்பிள்ளையின் இலையில் தொக்கை வைத்தாள். நல்லா இருக்கா என்றாள். இன்னும் கொஞ்சம் வைத்தாள். பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தாள். சோறு குறையக் குறைய இசைவாணிக்கு உள்ளே கொதித்தது. இப்படியே போனால் ரசம், மோர், வெற்றிலை என்று வந்து, கடைசியில் பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

"மாமா" என்றாள். "மில்லு நம்பரை நிறுத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அன்பரசனின் கை இலையிலேயே நின்றது.

"ஏதாவது டெக்னிக்கல் பிரச்சினையா இருக்கும். நான் பாத்துச் சொல்றேன்."

"பாக்க ஆள் வச்சுட்டோம் மாமா. பாஸ்வேர்டும் ஓடிபியும் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்."

"ஆள் வச்சுட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா? அத்தை, என்னை நம்பலையா நீங்க?"

கண்ணாத்தாள் பதறிப்போனாள். "அய்யய்யோ, அப்புடி இல்ல மாப்புள்ள. சின்னது ஏதோ அவசரப்பட்டு..."

"அவரை ஏன் கேக்குறீங்க?" என்று குரல் வந்தது. மதிவதனி ரசப் பாத்திரத்தோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "அவருக்குப் பாஸ்வேர்டே தெரியாது. நான்தான் போட்டுக்கிட்டிருந்தேன். முதல் ரிட்டர்ன்லேருந்து நான்தான்."

கீழே கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அடியே, நீயா?" என்றாள் கண்ணாத்தாள்.

"பி.காம் படிக்க வச்சீங்களேம்மா, அது வீணாப் போவலன்னு நெனச்சுக்கிட்டுப் போட்டேன். சொல்லணும்னுகூடத் தோணல. போன பொங்கலுக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கா? 'மாப்புள்ள இல்லன்னா மில்லே இல்ல'ன்னு சொந்தம் பந்தம் அத்தனை பேருக்கு முன்னாடி இவரு வெரல்ல மோதிரம் போட்டீங்க. அப்ப நான் பந்திக்குச் சோறு அள்ளிக்கிட்டிருந்தேன். ஊருக்குத் திரும்புனதும் சொல்லிட்டேன். மோதிரம் யாருக்கோ அவங்களே இனிமே ரிட்டர்ன் போடட்டும்னு."

அந்தப் பொங்கலன்று கை தட்டியவர்களில் இசைவாணியும் ஒருத்தி.

அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டார். கோபமெல்லாம் வடிந்துபோயிருந்தது. "எத்தனையோ தடவை சொல்லிடலாம்னு வாயெடுத்தேன் அத்தை. நான் வாயத் தொறந்தா நீங்க எலையில இன்னொரு கரண்டி வச்சுடுவீங்க."

பாதி உண்மைதான். கண்ணாத்தாளின் கரண்டிக்கு முன்னால் எப்பேர்ப்பட்ட உண்மையும் நிற்காது. ஆனால் மதிவதனிக்கு அந்தப் பாதி போதவில்லை.

"மோதிரத்தப் போடும்போது எலை இல்லையே" என்றாள். "நீட்டுன வெரல மடக்கியிருக்கலாமே?"

அன்பரசன் எழுந்தார். கை கழுவினார். சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இலையில் சோறு அப்படியே கிடந்தது.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன வீட்டில் மாமியார் என்ன செய்வாள்? கண்ணாத்தாள் ஒப்பாரி வைப்பாள் என்றுதான் இசைவாணி எதிர்பார்த்தாள். அம்மா மூத்த மகளின் கையிலிருந்து ரசப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டி. பெத்த புள்ள செஞ்ச வேலைய யாருக்கோ எழுதி வச்சுட்டேன். இனிமே நீயே பாரு. வெளியாளெல்லாம் வேணாம்."

மதிவதனி அழுதாள். ஆறு மாதத்துக்கு மேல் அடக்கிவைத்த அழுகை. இசைவாணியும் அழுதாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பேசியவளும் அவள்தான்.

"அக்காவும் வேணாம்மா."

"என்னடி சொல்ற?"

"நாளைக்கு ஒரு ரிட்டர்ன் தவறுச்சுன்னா அக்காவ நீ கேப்பியா? ஒடம்பு முடியலையோன்னு கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு எடுத்துக்கிட்டு வருவ. கேக்க முடியாத ஆள் யாரா இருந்தாலும் வேணாம். மாமாவா இருந்தாலும், அக்காவா இருந்தாலும்."

கண்ணாத்தாள் மூத்தவளைப் பயத்தோடு பார்த்தாள். மதிவதனி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"அவ சொல்றது சரிதாம்மா. எனக்கும் இனிமே ஓசியில பாக்க இஷ்டம் இல்ல. பாத்தா என் பேருல பாக்கணும், சம்பளத்துக்குப் பாக்கணும். இப்ப வாங்க போவலாம். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்."

மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு தெற்கு வீதிக்குத் திரும்பினார்கள். இசைவாணிக்கு மனசு லேசாகியிருந்தது. நாளைக்குள் முடிந்துவிடும் என்று இப்போது நம்பினாள். ஓடிபி ஒன்றுதான் பாக்கி, அதுவும் கோபித்துக்கொண்டு போனவரின் சட்டைப் பையில்.

மதிவதனி பாகீரதியின் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். பாகீரதி பழைய ரிட்டர்ன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, பின்னோக்கிப் போய், மறுபடியும் பார்த்தார்.

"நின்னு போறதுக்கு முன்னாடி வரைக்கும் அப்பழுக்கில்லாம போட்டிருக்கே. யார் போட்டது இது?"

இசைவாணி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"என் மூத்த பொண்ணும்மா. மதிவதனி. பி.காம். மொதல்லேருந்து இவதான் போட்டா. நாங்கதான் வேற ஆள மெச்சிக்கிட்டுக் கெடந்தோம்."

அடுத்த அறைக்கும் கேட்கும்படி சொன்னாள். பொங்கலன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ, அதைவிடச் சத்தமாக. மதிவதனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்கள் சிவந்துபோயின.

"பி.காம்னா நீயே பதிவுக்கு எழுதிப் போடலாமே" என்றார் பாகீரதி. "ஒரு பரீட்சை இருக்கு, பாஸ் பண்ணிடுவே. அதுவரைக்கும் எனக்கும் ஒரு ஆள் வேணும். திங்கட்கிழமைலேருந்து வர்றியா? தர்மத்துக்கு இல்லை, சம்பளத்துக்கு."

பதிலுக்குக் காத்திராமல் நம்பர் மாற்றும் பக்கத்துக்கு வந்துவிட்டார். "சரி, ஓடிபி போயிடுத்து. கொஞ்ச நேரந்தான் செல்லும். கூப்பிடுங்கோ."

இசைவாணி தன் போனை எடுத்தாள். கண்ணாத்தாள் அதைத் தடுத்துவிட்டு, தன்னுடைய பட்டன் போனில் தானே அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுப்பாரா மாட்டாரா என்று இசைவாணி நகத்தைக் கடித்தாள். எடுத்துவிட்டார்.

"மாப்புள்ள, ஒங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்துருக்கும். அதச் சொல்லுங்க."

மறுமுனையில் சாலைச் சத்தம். பிறகு அன்பரசன் மெல்லச் சொன்னார். "வந்துருக்கு அத்தை. மதிகிட்ட போன குடுங்க. அவ கேட்டாச் சொல்றேன்."

மதிவதனி முடியாதென்று தலையை ஆட்டினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஆர்டர், ஒரு சீசன், அப்பாவின் மிஷின், எல்லாம் இந்தப் பிடிவாதத்துக்கும் அந்தப் பிடிவாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தன. கெஞ்சியாவது வாங்கிவிடலாமென்று இசைவாணி போனுக்குக் கையை நீட்டினாள். கண்ணாத்தாள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"மாப்புள்ள, மில்லு என் பேருல இருக்கு. அந்த நம்பரும் எனக்கு வந்ததுதான். ஒங்க போன்ல வந்து நிக்கிது, அவ்வளவுதான். என்னோடத நான் கேக்குறேன். ஒங்களுக்கும் மதிக்கும் உள்ளத நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிங்க. அத இதுல கொண்டாந்து கோக்காதீங்க. இப்ப நம்பரச் சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. நெல் வியாபாரியிடம் மூட்டைக்கு விலை சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ, அப்படி.

அன்பரசன் சொன்னார். ஒவ்வோர் எண்ணையும் கண்ணாத்தாள் திருப்பிச் சொல்ல, பாகீரதி தட்டினார். திரை ஒரு கணம் வெள்ளையாகிப் பிறகு மாறியது. பேசிக்கொண்டிருந்த போனே கண்ணாத்தாளின் கையில் அதிர்ந்தது.

"என் போனுக்கா வருது?" என்றாள். மில்லைப் பற்றி அரசாங்கம் அவளுக்கு அனுப்பிய முதல் செய்தி அது. முகமெல்லாம் பல்லாக மகள்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே எல்லாம் உங்களுக்குத்தான் வரும்" என்றார் பாகீரதி. "விட்டுப்போனதை ராத்திரிக்குள்ள போட்டு முடிச்சுடறேன். திருச்சிக்காரர்கிட்ட நாளைக்குக் காத்தாலே நம்பரைப் பாக்கச் சொல்லுங்கோ."

இசைவாணி நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். ஜெயித்தாகிவிட்டது. அப்போதுதான் ஸ்பீக்கர் மறுபடி பேசியது. அன்பரசன் இன்னும் வைக்கவில்லை.

"அத்தை."

"சொல்லுங்க மாப்புள்ள."

"மதிய இன்னிக்கி வீட்டுக்கு அனுப்பி வைப்பீங்கள்ல?"

நேற்றாக இருந்தால், இதென்ன பேச்சு மாப்பிள்ளை, நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கண்ணாத்தாள் எழுந்து நின்றிருப்பாள். இன்று அவள் எழவில்லை.

"அனுப்புறதுக்கு நான் யாரு? அவளையே கேளுங்க" என்று போனை மகளிடம் நீட்டினாள்.

மதிவதனி வாங்கிக்கொண்டாள். காதில் வைக்கவில்லை. பாகீரதியின் பக்கம் திரும்பி, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் மேடம்?"

ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை.